சங்கப் பணியால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? தமிழ்நாட்டின் இளம் நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். பொது நூலகங்களிலும் பள்ளி, கல்லூரிகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் அண்மையில் பணியேற்றிருக்கும் உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதியில், நூலகர்களுக்கான தொழில்சார் சங்கம் ஒன்றில் ஊதியமில்லாத பொறுப்பு ஏதேனும் ஒன்று என்னிடம் இருந்துவந்தது. சங்கக் கூட்டங்களில் இளைய முகங்களைக் காண முடிவதில்லை என்பது என் வயதினர் கூடும் இடங்களில் எல்லாம் கேட்கும் புலம்பல். அதோடு என் குரலையும் சேர்ப்பது இம்மடலின் நோக்கமன்று. உங்களுக்கு வரும் அழைப்புகளைப் படித்துப் பார்க்கிறேன். சேவை, அர்ப்பணிப்பு, தொழிலுக்குச் செலுத்த வேண்டிய கடன் என்றே அவை பேசுகின்றன. தொகுப்பூதியத்தில் காலந்தள்ளும் ஒருவரிடம் போய்க் கடனைப் பற்றிப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆகவே, சங்கத்துக்கு உழைப்பதால் உழைப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை மட்டும், கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல முயல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். ஊதியம், பணி நிரந்தரம், ஓய்வூதியம் ஆகியவற்றுக்காகப் போராடும் ஊழியர் சங்கங்கள் உண்டு. அவற்றின் தேவையை நான் குறைத்து மதிக்கவில்லை. நான் இங்கே பேசுவது, நூலகத் தொழிலின் அறிவையும் தரத்தையும் பேணுவதற்காக நூலகர்களே கூடி நடத்தும் சங்கங்களைப் பற்றி. இத்தகைய சங்கத்தில் சந்தா கட்டி உறுப்பினர் அட்டை வாங்கிக்கொள்பவருக்கு ஒரு செய்திமடலும், கருத்தரங்கக் கட்டணத்தில் சிறு சலுகையும் கிடைக்கலாம். மற்ற பலன்கள் ஏறக்குறைய அனைத்தும் ஏதேனும் ஒரு வேலையைத் தன் கையில் எடுத்துச் செய்பவருக்கே போய்ச் சேர்கின்றன. பத்தாண்டுகள் சந்தா மட்டும் கட்டிவிட்டு, ‘சங்கத்தால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

நம் தொழிலுக்கு மட்டும் உரிய ஒரு நிலைமையிலிருந்து தொடங்குகிறேன். மருத்துவமனையில் சேரும் இளம் மருத்துவருக்கு மூத்த மருத்துவர் பக்கத்து அறையில் இருக்கிறார். இளம் வழக்கறிஞர் ஒரு மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் உட்கார்ந்துதான் தொழிலைக் கற்கிறார். தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. அவற்றுள் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் பெரும்பாலும் ஒருவரே கதவைத் திறந்து, நாளிதழ்களை மேசையில் விரித்து, இரவல் பதிந்து, திரும்பிய நூல்களை அலமாரியில் ஏற்றி, இருப்புச் சரிபார்ப்பையும் முடித்து, மாலையில் பூட்டிக்கொண்டு கிளம்புகிறார். கல்லூரியிலும் நிலைமை பெரிதும் வேறன்று. துறைதோறும் பேராசிரியர்கள் பலர் இருக்க, நூலகர் ஒருவர்தான். செய்த பகுப்பு (நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்துவது) சரியா, வாங்கிய மென்பொருள் தகுமா, வாசகர் ஒருவரிடம் நடந்துகொண்ட முறை முறைதானா என்று கேட்பதற்கு அந்தக் கட்டடத்துக்குள் வேறொரு நூலகர் இல்லை. முதல்வரும் தலைமையாசிரியரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு நம் வேலையின் உள்விவரம் தெரியாது. ஆண்டுக்கணக்கில் இப்படித் தனியே வேலை செய்பவர், தம் பழக்கங்களையே விதிகள் என்று நம்பத் தொடங்கிவிடுகிறார். தனியாக இருக்கும் நூலகருக்கு உடன்பணியாளர்களை உண்டாக்கித் தருவதுதான் சங்கப் பணி தரும் பலன்களில் தலையாயது என்பது என் கருத்து.

கூட்டத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் உடன்பணியாளர்கள் கிடைப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். அறிமுகங்கள் கிடைக்கும். ஒரு குழுவில் சேர்ந்து ஒரு வேலையை முடிக்கும்போதுதான், எதிரில் இருப்பவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பது தெரியவரும். தமிழ் நூல்களுக்குப் பொதுவான பட்டியல் நெறி ஒன்றை வகுக்க உட்கார்ந்த குழுவில் நானும் இருந்தேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சலிப்பூட்டும் வேலை. ஆனால் சொ. விருத்தாசலத்தை அப்பெயரில் பதிவதா, புதுமைப்பித்தன் என்ற பெயரில் பதிவதா, ரா. கிருஷ்ணமூர்த்தியைத் தேடி எந்த வாசகர் வருவார், எல்லாரும் கல்கியைத்தானே கேட்கிறார்கள், எஸ். ரங்கராஜன் என்ற பெயரைச் சுஜாதாவுக்கு வழிகாட்டும் ஒரு ‘காண்க’ குறிப்பாக வைத்தால் போதாதா, குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத நமக்கு, மேலைநாட்டு விதிகளை வைத்து முன்னெழுத்துகளை எங்கே நிறுத்துவது என்றெல்லாம் அந்த மேசையைச் சுற்றி மணிக்கணக்கில் வாதம் நடந்தது. பட்டயப் படிப்பில் நான் மனப்பாடம் செய்திருந்த விதிகள் எதற்காக அப்படி இருக்கின்றன என்பது எனக்கு அங்கேதான் விளங்கிற்று. மேலும், எனக்கு நேரெதிராக வாதாடிய ஒரு பள்ளி நூலகரை அதன்பின் எத்தனையோ சிக்கல்களில் நான் தொலைபேசியில் அழைத்திருக்கிறேன். என் கருத்துக்குத் தலையாட்ட மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அழைத்தேன்.

நூலகத் தனிமையைப் பற்றிச் சொல்லும்போது, இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியாது. நம்மில் பலர் நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளைத் தேர்வுக்காகப் படித்து, நூலகர் தினத்தன்று அவர் படத்துக்கு மாலையிடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். சில வாரங்களிலேயே அந்த வேலையின் தனிமையும் சலிப்பும் தாங்காமல், மீண்டும் கற்பிக்கும் பணிக்கே அனுப்பிவிடுங்கள் என்று பல்கலைக்கழக நிர்வாகத்திடம் கேட்டார். இலண்டன் சென்று நூலகவியல் பயின்று வாருங்கள், அதன்பிறகும் பிடிக்காவிட்டால் கணிதத்துக்கே திரும்பலாம் என்று முடிவாயிற்று. அங்கே நூலகவியல் ஆசிரியர் பெர்விக் சேயர்ஸிடம் பயின்று, பல நூலகங்களை நேரில் பார்த்துவிட்டு 1925-இல் திரும்பியவர், பிறகு கணித வகுப்புக்குப் போகவில்லை.

நான் கவனிக்கச் சொல்வது அதற்கு அடுத்து நடந்ததை. 1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. ரங்கநாதன் அதன் செயலாளர் பொறுப்பை ஏற்று 1945 வரை வகித்தார். பல்கலைக்கழக நூலகத்தின் முழுநேரப் பணியைப் பார்த்துக்கொண்டே அவர் செய்த வேலை அது. 1929-இல் சங்கத்தின் சார்பில் கோடைக்கால நூலகவியல் பள்ளி தொடங்கியது. 1931-இல் அதைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. அதே 1931-இல் ஐந்து விதிகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. 1933-இல் கோலன் பகுப்புமுறையும் 1934-இல் பகுப்புப் பட்டியல் விதித்தொகுப்பும் வந்தன. இம்மூன்றையும் வெளியிட்டது சென்னை நூலகச் சங்கம்.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், தனித்திருந்து தவம்செய்த ஒரு மேதை என்று நாம் கட்டியிருக்கும் சித்திரம் சற்றே கலைகிறது. ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்பதில் தொடங்கும் விதிகள் புத்தகமாவதற்கு முன்னரே சிதம்பரத்துக் கல்வி மாநாட்டில் 1928 இறுதியில் பேசப்பட்டன, பிறகுதான் அச்சேறின. பகுப்புமுறையை ஒருவர் தம் நூலகத்துக்குள் தனியே வகுத்துவிட முடியும். அதைப் பிறருக்குக் கற்பிக்க வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் எது தெளிவாக இருக்கிறது, எது தமக்கு மட்டும் புரிகிறது என்பது வெளிப்படும். மாணவர்கள், விமரிசகர்கள், பதிப்பகம், மேடை ஆகிய நான்கையும் ரங்கநாதனுக்குக் கொடுத்தது, அவர் காசு வாங்காமல் உழைத்த சங்கம். சங்கத்தை அவர் வளர்த்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சங்கம் அவரை வளர்த்ததைப் பற்றி யாரும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம். நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று இது. 1876-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க நூலகச் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் பணியை ஏற்ற மெல்வில் டூயிக்கு வயது 24. அவருடைய தசமப் பகுப்புமுறை வெளியானதும் அதே ஆண்டில்தான்.

ரங்கநாதன் அளவுக்கு உயரப் போவது நம்மில் யாரும் இல்லை. ஆகவே அந்த எடுத்துக்காட்டு எனக்கு எதற்கு என்று நீங்கள் கேட்டால், அளவை விட்டுவிட்டு முறையை மட்டும் பாருங்கள் என்பேன். நூலகப் பட்டியலையும் இரவலையும் கையாளும் கோஹா மென்பொருளைப் பற்றி உங்கள் மாவட்டத்து நூலகர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்தும் பொறுப்பை ஏற்றுப் பாருங்கள். ஓராண்டாகக் கோஹாவைப் பயன்படுத்தி வந்திருந்தாலும், நூல் விவரங்களைக் கணினியில் பதிவதற்கான மார்க் 21 அமைப்பில் 100 என்ற புலத்துக்கும் 700 என்ற புலத்துக்கும் என்ன வேறுபாடு என்று பயிற்சிக்கு வந்த ஒருவர் எழுந்து கேட்கப் போகிறார் என்ற எண்ணமே, முந்தின வாரம் முழுவதும் உங்களைப் படிக்கவைத்துவிடும். அந்த ஒரு வாரத்தில் கற்பதை எந்தப் புத்தாக்கப் பயிற்சியும் உங்களுக்குத் தந்துவிடாது.

நூலகத்துக்கு வெளியே பயன்படும் திறன்களும் உண்டு. அவற்றைப் பற்றி நம் தொழிலில் யாரும் வாய்திறப்பதில்லை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒரு சங்கத்தின் பொருளாளர், ரொக்கப் புத்தகம் எழுதி, ஒவ்வொரு செலவுக்கும் சீட்டு வைத்து, தணிக்கை முடித்து, பொதுக்குழுவின் ஒப்புதல் பெற்று, ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். செயலாளர் நிகழ்ச்சி நிரல் அனுப்பி, தீர்மானப் புத்தகத்தில் சண்டைக்கு இடமில்லாத வாசகத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும். உரக்கப் பேசும் மூத்தவர் ஒருவரை அவமதிக்காமல் உட்காரவைத்து, மூலையில் இருப்பவரைப் பேசவைக்கும் கலையைத் தலைவர் பழகியாக வேண்டும். இவற்றில் எதையும் நூலகவியல் பட்டப்படிப்பு கற்பிப்பதில்லை. ஆனால் கல்லூரியில் தர மதிப்பீட்டுக்கு நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று மன்றம்) குழு வரும்போதும், நூலக நிதிக்காக நிர்வாகத்திடம் வாதாட வேண்டியிருக்கும்போதும், மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பக்கத்தில் கோரிக்கை எழுத வேண்டியிருக்கும்போதும் இவைதான் கைகொடுக்கின்றன. தம் அலுவலகத்தில் முப்பது வயதில் யாரும் ஒப்படைக்காத பொறுப்பைச் சங்கம் முப்பது வயதில் ஒப்படைக்கிறது. காரணம், அதை எடுத்துச் செய்ய வேறு ஆள் இல்லை என்பதுதான். ஆள் இல்லாமை சங்கத்துக்குக் குறை. உங்களுக்கு அது வாய்ப்பு.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டுவரி கட்டும் ஒவ்வொரு தமிழ்நாட்டுக் குடிமகனும் அதோடு சேர்த்து நூலக வரியும் செலுத்துகிறார். மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள் அந்த வருவாயைக் கொண்டே இயங்குகின்றன. இதற்கு அடிப்படை 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அது. ரங்கநாதன் 1930-இல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். 1930-களிலேயே சென்னையில் சட்ட முயற்சி நடந்து நிறைவேறாமற் போயிற்று. கடைசியில் கல்வி அமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் காலத்தில்தான் அது சட்டமானது. இடைப்பட்ட ஆண்டுகளில் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டவர்கள், மசோதாவின் படிகளை எடுத்து அஞ்சலில் சேர்த்தவர்கள், சட்டமன்ற உறுப்பினர்களின் வீட்டு வாசலில் காத்திருந்தவர்கள் யார் யார் என்று இன்று யாருக்கும் தெரியாது. ஒரு கிளை நூலகர் எவ்வளவு திறமையாக உழைத்தாலும் தம் ஊர் வாசகர்களுக்குத்தான் அதன் பயன் போய்ச்சேரும். அவரே ஒரு சட்டத் திருத்தக் குறிப்பையோ நூல் கொள்முதல் நெறிமுறை பற்றிய கருத்துரையையோ எழுதும் குழுவில் இருந்தால், தாம் என்றும் போகாத ஊர்களின் நூலகங்களையும் தொட முடிகிறது. அந்த உணர்வை எப்படி மதிப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை; ஊதிய உயர்வு ஆணை கைக்கு வந்த நாளில்கூட எனக்கு அந்த மனநிறைவு வாய்த்ததில்லை.

இனி, பலன்கள் என்று பொதுவாகக் கருதப்படுபவை. கல்லூரி நூலகர்களின் பதவி உயர்வு மதிப்பீட்டில் தொழில்சார் அமைப்புகளில் ஈடுபடுவதற்குச் சிறிது மதிப்பெண் கிடைக்கலாம். அதற்காகவே வருபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அவர்கள் மதிப்பெண் கிடைத்ததும் போய்விடுகிறார்கள். பொன்னாடையும் நினைவுப் பரிசும் கிடைக்கும். என் வீட்டு அலமாரியில் நினைவுப் பரிசுகள் நூல்களின் இடத்தை எடுத்துக்கொண்டு நிற்கின்றன. நூலகர்களின் சங்கமாவது நூலைப் பரிசாகத் தரும் வழக்கத்துக்கு மாறலாம். வேலைவாய்ப்புத் தகவல்கள் முன்கூட்டியே காதுக்கு வரும் என்பது உண்மை. பணிமாற்றத்துக்குச் செல்வாக்குக் கிடைக்கும் என்று யாராவது ஆசைகாட்டினால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

உங்கள் தயக்கங்களை நான் அறியாதவன் அல்லன். அங்கே நாற்காலிச் சண்டைதான் நடக்கிறது என்பீர்கள். சில இடங்களில் நடக்கிறது. தேர்தல் ஆண்டில் தலைகாட்டி, தேர்தல் முடிந்ததும் மறைந்துவிடும் மனிதர்களை நானும் பார்த்திருக்கிறேன். பதவிக்கும் வேலைக்கும் தொடர்பு குறைவு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இது பெரிய தடையாகத் தோன்றாது. பயிற்சிக் குழுவிலோ செய்திமடல் குழுவிலோ இருப்பவரின் நாற்காலிக்கு யாரும் போட்டியிடுவதில்லை. நேரமில்லை என்பது இதைவிட வலுவான காரணம். அதிலும் பெண் நூலகர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டம் என்பது வீட்டு வேலையின் நடுவே இன்னொரு சுமை. நம் தொழிலில் பெண்கள் இவ்வளவு பேர் இருந்தும் நிர்வாகக் குழுக்களில் மிகச் சிலரே இருப்பதற்குக் கூட்ட நேரமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆகவே மாதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தர முடியாது என்றால் அதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் முடியும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஏற்றுக்கொண்டு செய்யாமல் விடுபவரைவிட, சிறிதாகக் கேட்டுச் செய்து முடிப்பவரைத்தான் சங்கத்தில் எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

இம்மடலைச் சங்க நிர்வாகிகளும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சில வரிகள். தொண்டு என்று சொல்லிப் பேருந்துக் கட்டணத்தையும் இளையவர் தலையில் கட்டாதீர்கள். பயணச்செலவைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். குறிப்பு எழுதியவர் பெயர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர், பயிற்சிக்கான பாடக்குறிப்பைத் தயாரித்தவர் பெயர் ஆகியவற்றை ஆண்டறிக்கையில் அச்சிடுங்கள். ‘ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி’ என்ற ஒற்றை வரியால் யாருக்கும் நன்றி சொன்னதாகாது. மூன்றாண்டுகள் ஒரு பொறுப்பில் இருந்தவர், அதை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு விலகி, வேண்டுமானால் வேறு பொறுப்புக்கு வரட்டும். இளைஞர்கள் வருவதில்லை என்று சொல்லும் கூட்டத்தில், அவர்கள் உட்கார ஓர் இடமாவது காலியாக இருக்க வேண்டும் அல்லவா?

கடைசியாக, இன்று எடுக்க ஆளில்லாமல் கிடக்கும் வேலைகள் சிலவற்றைச் சொல்கிறேன். தமிழ் ஆசிரியர் பெயர்களுக்கான அதிகாரப் பட்டியல் (ஒவ்வோர் ஆசிரியரையும் எந்தப் பெயரில் பதிவது என்று வரையறுக்கும் பட்டியல்) பாதியில் நிற்கிறது. புனைபெயர்களைத் திரட்டிச் சரிபார்க்க ஐந்தாறு பேர் தேவை. ஊர்ப்புற நூலகர்களுக்கு ஒருங்குறித் (யூனிகோட்) தட்டச்சில் பயிற்சி கொடுக்க, மாவட்டத்துக்கு ஒருவராவது வேண்டும். பழைய மாநாட்டு மலர்கள் பல நூலகர்களின் வீட்டுப் பரண்களில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தேடி வாங்கி மின்வருடல் செய்ய ஒரு குழு அமைய வேண்டும். வாசகர் வட்டங்களை நன்றாக நடத்தும் நூலகர்களைச் சந்தித்து, அவர்கள் செய்வதை மற்றவர்களும் செய்யக்கூடிய வகையில் எழுதித்தரக் கைதேர்ந்த எழுத்துக்காரர் யாரேனும் வரலாம். உங்கள் மாவட்டத்தில் இயங்கும் சங்கத்தின் செயலாளருக்கு, இவற்றுள் உங்களால் முடிந்த ஒன்றையும் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதையும் குறிப்பிட்டு, வரும் பொதுக்குழுவுக்கு முன் நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவர்